ஆவணத்தின் முதுமை: பணிக்குழு மென்பொருள்களை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

1. கேள்வி

ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வெளியூர்ப் பயணப்படி எவ்வளவு என்று தெரிய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் விக்கியில் அதற்கென ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிய கோப்பு ஒன்று கூகுள் டிரைவில் கிடக்கிறது. இரண்டையும் மாற்றிய முடிவு போன மாதம் உரையாடல் குழுவில் நான்கு வரியில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தேடினால் மூன்றும் கிடைக்கின்றன. எது இன்று செல்லும் என்பது மட்டும் எந்தத் திரையிலும் இல்லை. கடைசியில் அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிறார். பத்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் அவர் நினைவிலிருந்து பதில் சொல்கிறார்.

காட்சி கற்பனைதான். ஆனால் கூட்டுப்பணி மென்பொருள்களுக்கு மாதச் சந்தா கட்டும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எழுதி வைக்க இடமில்லாமல் வந்த சிக்கலன்று இது. எழுதியவை குவிந்துவிட்டன, அவற்றின் வயதும் பொறுப்பாளரும் எங்கும் குறிக்கப்படவில்லை.

இந்த மென்பொருள்களை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலாகவே அமைகின்றன. ஒரே நேரத்தில் பலர் திருத்தலாமா, வார்ப்புருக்கள் எத்தனை, கைபேசியில் இயங்குமா, ஒருவருக்கு மாதம் எவ்வளவு என்று அவை வரிசைப்படுத்துகின்றன. இவற்றில் மிகுதியானவை ஆவணம் பிறக்கும் நேரத்துக்கு உரியவை. ஓர் ஆவணம் எழுதப்படுவது ஓரிரு மணி நேரத்தில். வாசிக்கப்படுவதும் நம்பப்படுவதும் ஆண்டுக்கணக்கில். ஆகவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: எழுதி முடித்த பிறகு ஆவணத்துக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்து இம்மென்பொருள்களை ஒப்பிட்டால் எந்தெந்த வேறுபாடுகள் தெரியவரும்?

2. இதுவரையான புரிதல்

கணினி வழியே பலர் சேர்ந்து எழுதும் எண்ணத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய செயல்விளக்கத்தில் சுட்டெலி, மீயுரை, தொலைவில் இருப்பவருடன் ஒரே திரையைப் பகிர்ந்து திருத்துதல் எல்லாம் ஒன்றாகக் காட்டப்பட்டன. அந்தச் செயல்விளக்கம் புகழ்பெற்ற அளவுக்கு அவருடைய ஆய்வகம் பின்னர் உருவாக்கிய ‘ஜர்னல்’ என்ற ஏற்பாடு பேசப்படவில்லை. அதில் சேர்க்கப்பட்ட ஆவணத்துக்கு ஒரு வரிசை எண் கிடைக்கும். அதன் பின் அதை யாரும் மாற்ற முடியாது. திருத்தம் வேண்டுமானால் புதிய எண்ணில் புதிய ஆவணம்தான் இட வேண்டும். உயிரோட்டமாகத் திருத்துவதற்கு ஓர் இடமும் மாறாமல் நிலைப்பதற்கு ஓர் இடமும் தனித்தனியே வேண்டும் என்பதை எங்கல்பார்ட் குழு தொடக்கத்திலேயே கண்டிருந்தது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் இந்தப் பிரிவு மங்கிப்போயிருக்கிறது.

1984இல் ஐரீன் கிரீஃப், பால் கேஷ்மன் ஆகியோர் கூட்டிய பயிலரங்கு, கணினித் துணையுடனான கூட்டுப்பணி என்ற ஆய்வுத்துறைக்குப் பெயர் கொடுத்தது. 1988இல் ராபர்ட் ஜோஹான்சன் இத்தகைய கருவிகளைக் காலம், இடம் என்ற இரு அச்சுகளில் வகைப்படுத்தினார்: ஒரே நேரமா வேறு நேரமா, ஒரே இடமா வேறு இடமா. நான்கு கட்டங்கள் கொண்ட இந்த அட்டவணை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் அதில் ‘வேறு நேரம்’ என்ற கட்டம் நாளைக் காலையையும் ஏழாண்டுகளுக்குப் பிந்திய ஒரு நாளையும் ஒன்றாகவே கொள்கிறது. இந்தக் குறை நம் கேள்விக்கு முக்கியமானது.

அதே 1988இல் ஜொனாதன் கிரூடின் எழுதிய ஆய்வு இத்துறையின் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்று. கூட்டுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று அவர் ஆராய்ந்தார். உழைப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்ற பிளவை அவர் முதன்மைக் காரணமாகக் காட்டினார். பொது நாட்காட்டி அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் மேலாளருக்கு அதனால் பயன். ஆனால் ஒவ்வொருவரும் தம் நாட்காட்டியை நாள்தோறும் நிரப்பினால்தான் அந்தப் பயன் கிடைக்கும். ஆவணமாக்கலிலும் நிலைமை இதுவே. எழுதுபவருக்கு அது இன்றைய சுமை. பயன் பெறுபவர் இன்னும் வேலைக்கே வந்து சேராத ஒருவராக இருக்கலாம்.

வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் கூர்மையாக்கியது. பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்று லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை வாங்கி ஊழியர்களுக்கு வழங்கியபோது நடந்ததை அவர் கள ஆய்வு செய்தார். வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டக்கூடிய மணி நேரங்களே அங்கே மதிக்கப்பட்டன. பதவி உயர்வு தனிப்பட்ட திறமைக்குக் கிடைத்தது. தன் அறிவைப் பிறர் எடுத்துக்கொள்ளும்படி எழுதி வைப்பதால் ஊழியருக்கு எந்த லாபமும் இல்லை. ஆகவே அறிவைப் பகிர வந்த கருவி பலருக்கு வெறும் மின்னஞ்சல் பெட்டியாகவே நின்றது. நிறுவனத்தின் பழக்கங்களும் ஊதிய முறையும் மாறாதபோது மென்பொருள் தனித்து எதையும் மாற்றாது என்ற அவர் முடிவு இன்றும் உடைபடவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் எழுதும் உழைப்பை யார் சுமப்பது என்று கேட்டன. எழுதியதைப் பேணும் உழைப்பை யார் சுமப்பது என்பது அவற்றின் தொடர்ச்சியாக நாம் கேட்க வேண்டியது.

3. ஐந்து மரபுகள்

சந்தையில் பெயர்கள் பல இருந்தாலும் இம்மென்பொருள்களை ஐந்து மரபுகளில் அடக்கலாம்.

முதலாவது விக்கி மரபு. வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று நிரலாளர்களுக்காக முதல் விக்கியைத் திறந்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. ஹோனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்தார். பக்கத்துக்கு முதலாளி கிடையாது, பார்ப்பவர் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இந்த மரபின் பொதுச்சொத்து. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த கான்ஃப்ளூயன்ஸ் இதையே நிறுவனங்களுக்கு ஏற்றபடி அனுமதிகள், துறைவாரி வெளிகள், பக்க மரம் என்று ஒழுங்குபடுத்தியது.

இரண்டாவது பகிர்ந்த கோப்பு மரபு. ஒரே வரியை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் இருவருடைய மாற்றத்தையும் சிதையாமல் சேர்க்கும் வழியை எல்லிஸ், கிப்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1989இல் முன்வைத்தார்கள். கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வளர்ந்தது. சென்னையைத் தளமாகக் கொண்டு வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2005இலேயே உலாவியில் இயங்கும் ஜோஹோ ரைட்டரை வெளியிட்டிருந்தது. ரைட்லி என்ற மென்பொருளைக் கூகுள் வாங்கி டாக்ஸ் ஆக்கியது அதற்கு அடுத்த ஆண்டில். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் 2001 முதல் இருக்கிறது.

மூன்றாவது தரவுக்கட்டம் சார்ந்த மரபு. இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் 1973இல் உருவான ‘நோட்ஸ்’ என்ற குறிப்புப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர் ரே ஓஸி. அவர் உருவாக்கிய லோட்டஸ் நோட்ஸ் 1989இல் வந்தது. ஆவணத்தையும் தரவுத்தளத்தையும் ஒன்றாக்கிய அந்த மென்பொருளை 2018இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனம் ஐ.பி.எம்.மிடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. இன்றைய தலைமுறை அதே எண்ணத்தை நோஷன் என்ற பெயரில் அறிகிறது: பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றும் ஒரு கட்டம், கட்டங்களை அடுக்கியும் இணைத்தும் குழுவே தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம்.

நான்காவது உரையாடல் மரபு: 2014இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக், 2017இல் வந்த மைக்ரோசாஃப்ட் டீம்ஸ். முடிவுகள் எடுக்கப்படும் இடமாக இவை மாறிவிட்டதால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆவணக் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன.

ஐந்தாவது எளிய உரை மரபு. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் வடிவில் எழுதி, நிரல்களைப் போலவே பதிப்புக் கட்டுப்பாட்டில் வைப்பது. கிட்லேப் நிறுவனம் தன் அலுவலகக் கையேடு முழுவதையும் இவ்வாறு எழுதி உலகுக்கே திறந்து வைத்திருக்கிறது. ஒரு விதியை மாற்ற விரும்பும் ஊழியர் முதலில் கையேட்டில் மாற்றத்தை முன்மொழிகிறார். அது ஏற்கப்பட்ட பிறகே மற்றவர்களுக்கு அறிவிக்கிறார்.

4. ஒரு பழைய அளவுகோல்

இந்த ஐந்தையும் அளக்க நமக்கு மிக அருகிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணத்தில் உருவாகி, டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் கோப்பு மரபுக்கு அடித்தளம். பவானிசாகரில் உள்ள குடிமைப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் பணியில் சேரும் இளநிலை உதவியாளர்கள் அலுவலக நடைமுறையைக் கற்கிறார்கள். மென்பொருள் ஒப்பீட்டில் இதை யாரும் கொண்டுவருவதில்லை. ஆவணங்களின் ஆயுள் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த நடைமுறையை ஒதுக்குவது சரியாகாது.

அதன் இயக்கம் இது. அலுவலகத்துக்கு வரும் தபால் எண்ணிடப்பட்டு, பகிர்மானப் பதிவேடு வழியே உரிய எழுத்தருக்குப் போகிறது. அவர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றுகிறார். அக்கணத்திலிருந்து அந்தக் காகிதம் யார் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. கோப்புக்கு இடப்படும் ந.க. எண்ணில் வரும் ‘அ1’, ‘ஆ3’ போன்ற குறியீடு எழுத்தரின் பெயரைக் குறிப்பதில்லை; அவருடைய இருக்கையைக் குறிக்கிறது. ஆள் மாற்றலாகிப் போனாலும் கோப்பு இருக்கையிலேயே இருக்கும். பொறுப்பு ஒப்படைக்கும்போது பதிவேடுகளும் சேர்ந்தே கைமாறும். வந்த கடிதங்களும் அனுப்பிய பதில்களும் நடப்புக் கோப்பில் சேர்கின்றன. ஏன் அந்த முடிவு என்று அலுவலர்கள் எழுதும் காரணங்கள் குறிப்புக் கோப்பில் சேர்கின்றன. ஒரு பொருள் குறித்த நிலையான ஆணைகள் இருப்புக் கோப்பில் தொகுக்கப்படுகின்றன. புதிதாக வருபவர் படிக்க வேண்டியது அதைத்தான். கோப்பு முடியும்போது அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் அப்போதே தீர்மானமாகிறது: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, அல்லது நிரந்தரம்.

இந்த முறையைப் போற்றிப் பாட இக்கட்டுரை எழுதப்படவில்லை. அது மேலதிகாரியை நோக்கியே ஒழுகுவது. குடிமக்களிடமிருந்து கோப்பை மறைக்க உதவியது. தாமதத்துக்கும் பெயர் போனது. அந்தக் கோப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மக்களுக்கு உறுதி செய்தது. ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு கட்டளையிட வேண்டியிருந்ததே, நடைமுறை தாளில் இருந்த அளவுக்குக் களத்தில் இல்லை என்பதற்குச் சான்று. ஆயினும் அதன் உள்ளே இருக்கும் நான்கு கேள்விகள் செல்லுபடியானவை. இந்த ஆவணம் யார் பொறுப்பு? அது எதுவரை செல்லும்? தேவைப்படும்போது கிடைக்குமா? இடம் மாற நேர்ந்தால் முழுமையாக வருமா?

5. நான்கு கேள்விகளில் ஐந்து மரபுகள்

பொறுப்பு

கூகுள் டாக்ஸில் ஒருவருடைய ‘மை டிரைவ்’ பகுதியில் பிறக்கும் கோப்பு அந்த ஆளுக்கு உரியது. அவர் வேலையை விட்டுப்போய்க் கணக்கு நீக்கப்படும் முன் கோப்புகளை வேறொருவருக்கு மாற்றாவிட்டால் இழப்பு நேரும். 2017இல் வந்த பகிர்ந்த டிரைவ் இதைச் சரிசெய்தது. அங்கே கோப்பு நிறுவனத்துக்கு உரியது. ஜோஹோ வொர்க்டிரைவின் குழுக் கோப்புறைகளும் அத்தகையவை. ஆளிடமிருந்து இருக்கைக்கு உடைமை மாறியது என்று இதைச் சொல்லலாம். ஆனால் நிறுவனம் முழுவதற்கும் உரியது என்பதால் ஒரு கோப்பைப் புதுப்பிக்கும் கடமை யாருடையது என்பது விளங்கிவிடாது.

விக்கி மரபின் வலிமையும் பலவீனமும் ஒன்றே. எவரும் திருத்தலாம் என்ற பொதுவெளி விக்கிப்பீடியாவில் வெல்வதற்குக் காரணம், எண்ணற்ற வாசகர்களில் பிழையைக் காண்பவர் சிலராவது திருத்த முன்வருவது. நாற்பது பேர் கொண்ட அலுவலகத்தில் அந்தக் கூட்டம் இல்லை. எல்லோருக்கும் உரிய பக்கம் யாருக்கும் உரியதாகாமல் போகிறது. கான்ஃப்ளூயன்ஸ் பக்கங்களுக்கு உரிமையாளரைக் குறிக்கும் வசதி இருக்கிறது. இயல்பாக எழுதியவரே அதில் நிற்கிறார், அவரை மாற்ற யாராவது நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். எளிய உரை மரபில், எந்தக் கோப்பில் மாற்றம் வந்தாலும் யார் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதியாகவே எழுதி வைக்கலாம். தன்பதிவேட்டுக்கு மிக நெருங்கிய இன்றைய வடிவம் இதுதான் என்பது என் கணிப்பு. விலை என்னவென்றால், பதிப்புக் கட்டுப்பாட்டைப் பழகாத கணக்குப்பிரிவினரும் மனிதவளப் பிரிவினரும் அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

காலாவதி

ஆவணத்துக்கு முடிவு நாள் குறிப்பதில் மரபுகளிடையே பெரும் வேறுபாடு தெரிகிறது. குரு என்ற அமெரிக்க மென்பொருள் இதையே தன் மையமாகக் கொண்டது: ஒவ்வொரு அறிவுத்துண்டுக்கும் சரிபார்ப்பவர் ஒருவர், சரிபார்க்கும் இடைவெளி ஒன்று. கெடு கடந்தால் அது ‘சரிபார்க்கப்படவில்லை’ என்று வாசகருக்கே தெரியும்படி நிறம் மாறும். நோஷனும் பின்னர், சரிபார்த்த பக்கம் என்ற அடையாளத்தையும் அதற்குக் காலக்கெடுவையும் கொண்டுவந்தது. ஷேர்பாயின்ட் சூழலில் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற முத்திரையை ஆவணத்தின் மீது இட முடியும்; ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என்ற பழைய பகுப்பின் நேரடி வாரிசு அது. தணிக்கைக்கும் வழக்குக்கும் உட்படும் பெரிய நிறுவனங்கள் அதைத் தேர்வது இந்தக் காரணத்தாலும்தான்.

உரையாடல் மரபில் காலாவதியை வணிகமே தீர்மானிக்கிறது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு முன் அந்த வரம்பு 10,000 செய்திகளாக இருந்தது. தன்னார்வக் குழுக்களும் சிறு நிறுவனங்களும் தங்கள் முடிவுகளின் ஒரே பதிவை அங்கே வைத்திருந்தால் மூன்று மாதத்தில் அவற்றின் நினைவு மூடப்பட்டுவிடும். கட்டணம் செலுத்தினாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. குறிப்புக் கோப்பும் இருப்புக் கோப்பும் பிரியாத ஓடை அது. விவாதமும் முடிவும் ஒரே வரிசையில் போய்க்கொண்டே இருக்கும்.

தேடலும் தமிழும்

மேலை நாட்டு ஒப்பீடுகளில் இடம்பெறாத, ஆனால் தமிழில் பணிபுரியும் குழுக்களுக்கு முதன்மையான கேள்வி தேடல். தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘பணம்’ என்று தேடுபவருக்குப் ‘பணத்தை’, ‘பணத்துக்கு’ என்பவையும் கிடைக்க வேண்டும். ஆனால் வேற்றுமை ஏறும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. ‘கணக்கு’ என்ற சொல் ‘கணக்கில்’ ஆகும்போது கடைசி உகரக் குறி இகரக் குறியாக மாறுகிறது. எழுத்துச்சரத்தை அப்படியே ஒப்பிடும் தேடல் இவ்விடங்களில் தோற்கும். வேர்ச்சொல் பிரிக்கும் வழிமுறை தேவை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019இல் வந்த அதன் 12ஆம் பதிப்பில்தான் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பியைச் சேர்த்துக்கொண்டது. தரவுத்தளத்தில் இருப்பதாலேயே அதன் மேல் இயங்கும் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறது என்று கொள்ள முடியாது.

இன்னொரு தடை பழைய எழுத்துருக்கள். பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சான ஆவணங்கள் எந்தப் புதிய மென்பொருளில் ஏற்றினாலும் ஒருங்குறிக்கு மாற்றாதவரை தேடலுக்கு வெறும் குப்பை எழுத்துகளே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றதற்கு முந்தைய கோப்புகளில் இந்தச் சிக்கல் மிகுதி. கான்ஃப்ளூயன்ஸா நோஷனா என்று விவாதிக்கும் முன் இந்த மாற்றத்தை முடிப்பது கூடுதல் பயன் தரும்.

மொழி சார்ந்த சுமை தேடலோடு முடிவதில்லை. சென்னை, கோவைப் பணிக்குழுக்கள் பலவற்றில் பேச்சு தமிழில் நடக்கிறது. ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கிரூடின் சொன்ன உழைப்புப் பிளவு இங்கே இரட்டிப்பாகிறது. எழுதுபவர் வேலையையும் விளக்க வேண்டும், இரண்டாம் மொழியிலும் விளக்க வேண்டும். நன்றாக வேலை தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவரின் அறிவு அந்த நிறுவனத்தின் எந்த மென்பொருளிலும் ஏறாமல் போகிறது. தமிழில் எழுதலாம் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்வது, புதிய சந்தா எதையும் விட மலிவான சீர்திருத்தம்.

வெளியேற்றம்

கான்ஃப்ளூயன்ஸை நிறுவனங்கள் தம் சொந்த வழங்கிகளில் ஓட்டிவந்தன. அட்லாசியன் அந்தப் பதிப்புக்குப் புதிய உரிமங்கள் விற்பதை 2021 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆதரவை 2024 பிப்ரவரி 15 அன்று முடித்தது. மேகத்துக்குப் போவதா, கூடுதல் விலைப் பதிப்புக்குப் போவதா, வேறு மென்பொருளுக்கா என்று பயனர்கள் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்தின் ஹிப்சாட் உரையாடல் மென்பொருள் 2019இல் மூடப்பட்டது. 2009இல் அறிவிக்கப்பட்ட கூகுள் வேவ் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் பொருள் என்பதே நீடிப்புக்கு உறுதியாகாது.

ஆகவே வெளியே எடுக்கும் வடிவத்தை முதல் நாளே சோதிக்க வேண்டும். நோஷன் பக்கங்களை மார்க்டவுனாகவும் தரவுக்கட்டங்களைச் சி.எஸ்.வி. கோப்புகளாகவும் தரும், உரை வந்துவிடும், ஆனால் கட்டங்களுக்கிடையே நாம் கட்டிய உறவுகள் அப்படியே வருவதில்லை. கான்ஃப்ளூயன்ஸ் எச்.டி.எம்.எல்., எக்ஸ்.எம்.எல்., பி.டி.எஃப். வடிவங்களில் தரும். எளிய உரை மரபில் வெளியேற்றம் என்ற கேள்வியே எழுவதில்லை. கோப்புகள் முதலிலிருந்தே நம் கையில் இருக்கின்றன. மீடியாவிக்கியும் தரவுத்தளத்தோடு நம்முடையது. ஆனால் அதை ஓட்டவும் பாதுகாக்கவும் ஆள் வேண்டும்.

6. இரண்டு விபத்துகள்

இந்த அளவுகோல்கள் வெறும் கோட்பாடல்ல என்பதைப் பொதுப் பதிவில் உள்ள இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை நீக்கிவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடியபோது வழக்கமான பிரதி எடுக்கும் வேலை பதிப்புப் பொருந்தாமையால் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச்சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியிலிருந்து மீண்டார்கள்; இடைப்பட்ட தரவு போனது. மீட்புப் பணியை அவர்கள் திறந்த ஆவணம் ஒன்றில் உடனுக்குடன் எழுதி உலகே பார்க்க விட்டார்கள். பின்னர் வெளியிட்ட ஆய்வில், காப்புப் பிரதியைச் சோதிக்கும் வேலைக்கு யாருமே பொறுப்பாக இல்லை என்பதை அடிப்படைக் காரணங்களில் ஒன்றாக ஒப்புக்கொண்டார்கள். ஆவணப் பண்பாட்டுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் நிறுவனத்திலேயே பொறுப்பாளர் குறிக்கப்படாத ஒரு மூலை இருந்தது.

2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியனில் பழைய செயலி ஒன்றை நீக்கும்படி ஒரு குழு மற்றொரு குழுவிடம் கேட்டது. செய்யும் குழுவிடம் போய்ச் சேர்ந்ததோ வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களுக்கான அடையாள எண்கள். நிரல் அவற்றை நீக்கிவிட்டது. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்; சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆனது. தொடர்பு விவரங்களும் தளங்களோடு சேர்ந்து அழிந்ததால், பாதிக்கப்பட்டவர்களை அணுகுவதே முதலில் கடினமாயிற்று. பிறர் கூட்டாகப் பணிபுரியக் கருவி செய்து விற்கும் நிறுவனத்தில், இரு குழுக்களுக்கிடையே போன ஒரு குறிப்பின் பிழை இது. அந்த இரண்டு வாரங்களில் தம் அவசரகாலக் கையேட்டை வேறெங்கும் வைத்திராத பணிக்குழுவின் நிலையை நினைத்துப் பார்த்தால், முதன்மையான சில பக்கங்களுக்காவது வெளியே ஒரு பிரதி ஏன் தேவை என்பது விளங்கும்.

7. எதிர்வாதங்கள்

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக இரண்டு வலுவான வாதங்கள் உண்டு.

முதலாவது, செயற்கை நுண்ணறிவு இந்தக் கவலைகளைப் போக்கிவிடும் என்பது. கான்ஃப்ளூயன்ஸ், நோஷன், ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் எல்லாமே இப்போது சேமித்த ஆவணங்களிலிருந்து கேள்விக்குப் பதில் தொகுத்துத் தரும் வசதியைச் சேர்த்திருக்கின்றன. எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையை இது உண்மையிலேயே குறைக்கிறது. ஆனால் இவ்வசதிகள் கேள்வியோடு பொருந்தும் பகுதிகளைத் திரட்டி அவற்றின் மேல் பதிலைக் கட்டுகின்றன. திரட்டியவற்றில் காலாவதியான பயணப்படி விதியும் இருந்தால் அது நேர்த்தியான வாக்கியமாக, ஐயத்துக்கு இடமில்லாத தொனியில் வந்து நிற்கும். பழுப்பேறிய தாளைப் பார்த்து வாசகர் கொள்ளும் சந்தேகம் இங்கே எழாது. ஆகவே வயதும் பொறுப்பும் குறிக்கும் தேவை முன்னைவிடக் கூடுகிறது.

இரண்டாவது வாதம் ஆழமானது. வேலையின் அறிவில் பெரும்பகுதி எழுத்தில் அடங்காது. மைக்கேல் போலான்யி 1966இல் இதைச் சொல்லா அறிவு என்ற கருத்தாக விரித்தார். ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட நூலில், ஜெராக்ஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள் கையேட்டை விடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளால்தான் வேலை கற்கிறார்கள் என்று காட்டினார். அப்படியானால் ஆவணமாக்கலே வீணா? பதில் அதே நிறுவனத்திலிருந்து கிடைக்கிறது. யுரேகா என்ற அதன் அறிவுத்தளத்தில் பழுது பார்ப்பவர்களே குறிப்புகளை எழுதினார்கள், சக பணியாளர்கள் சோதித்து ஏற்றார்கள், குறிப்பின் மேல் எழுதியவர் பெயர் நின்றது. தொழிலாளியின் பெயரும் சகாக்களின் மதிப்பும் ஆவணத்தோடு சேர்ந்தபோது கதைகளில் ஒரு பங்காவது எழுத்துக்கு வந்தது. மீதி என்றும் பக்கத்து இருக்கையில்தான் இருக்கும். அதை ஏற்றுக்கொள்வதே நேர்மை.

8. முடிவு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சில தீர்ப்புகளைச் சொல்லலாம். பத்துப் பேருக்கு உட்பட்ட குழுவுக்கு நிறுவனத்தின் பெயரில் அமைந்த பகிர்ந்த கோப்புறையும் அதற்கு ஓர் அட்டவணைப் பக்கமும் போதும். நிரலாளர் மட்டுமே கொண்ட குழுவுக்கு எளிய உரை மரபே சிறந்தது. பல துறைகள் சேர்ந்த நடுத்தர நிறுவனத்துக்கு விக்கி அல்லது நோஷன் வகை பொருந்தும், பக்கத்துக்குப் பொறுப்பாளரும் காலக்கெடுவும் கட்டாயமாக்கப்பட்டால் மட்டும். தணிக்கைக்கு உட்பட்ட பெரிய நிறுவனத்துக்கு ஆவண ஆயுளை விதியாக்கும் ஷேர்பாயின்ட் வகை தேவைப்படும். உரையாடல் மென்பொருள் எதுவாயினும் அது பேசுவதற்கே. எடுத்த முடிவை, எடுத்தவர் பெயரும் தேதியும் சேர்த்து வேறோர் இடத்தில் எழுதியாக வேண்டும். தமிழில் பணிபுரியும் குழுக்கள், விலையைக் கேட்பதற்கு முன் ‘பணம்’ என்று தேடிப் ‘பணத்தை’ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை எதற்கும் முன்பாக வாசகர் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் குழுவில் அதிகம் படிக்கப்படும் இருபது ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பொறுப்பான இருக்கை எது, கடைசியாகச் சரிபார்த்த நாள் எது, அடுத்துச் சரிபார்க்க வேண்டிய நாள் எது என்று மூன்று வரி எழுதுங்கள். எழுத முடியாமல் போகும் ஆவணங்களின் எண்ணிக்கைதான் உங்கள் மென்பொருளைப் பற்றிய முதல் உண்மையான மதிப்பீடு.